அத்தியாயம் 7: எந்த மெயில் உள்ளே வரலாம்?

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம். ஆறு மெர்ச்சன்டைசர்கள், ஒரு கணக்காளர், முதலாளி. சி.ஆர்.எம். போட்டுக் கொடுக்கப் போயிருந்தேன். தொடர்புப் பட்டியலை ஏற்றி முடித்து, மெயில் பெட்டியை இணைக்கும் பக்கத்தைத் திறந்ததும் முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க, இதை அமுத்துனா என்ற மெயிலு பூரா பசங்களுக்குத் தெரியுமுங்களா?"

"நீங்க எதைத் திறந்து விடுறீங்களோ அது தெரியுமுங்க."

அவர் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

அவர் கேட்டதைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. ‘கனெக்ட்’ பொத்தானை அழுத்தி, கூகுளோ மைக்ரோசாஃப்டோ காட்டும் பக்கத்தில் ‘அலவ்’ கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். மூன்றாம் நாள் யாரோ ஒருவருடைய சம்பளப் பேச்சு வேறு யாரோ ஒருவர் திரையில் தெரியும்போதுதான் செட்டிங்ஸ் பக்கம் நினைவுக்கு வருகிறது.

இந்த அத்தியாயம் அந்தச் செட்டிங்ஸ் பக்கத்தைப் பற்றியது. மெனுவில் ‘சிங்க்’, ‘ஃபில்டர்’ என்று இருப்பதை இங்கே ஒத்திசைவு, வடிகட்டி என்று எழுதுகிறேன். அலுவலகத்தில் பேசும்போது சிங்க், ஃபில்டர் என்றே சொல்லுங்கள். வடிகட்டி என்றால் டீ வடிகட்டியைத்தான் தேடுவார்கள்.

மெயில் எப்படி உள்ளே போகிறது

மெயில் பெட்டியை இணைப்பது என்றால், பெட்டியின் சாவி ஒன்றை சி.ஆர்.எம். தளத்திடம் கொடுப்பது. முன்பெல்லாம் பாஸ்வேர்டையே கொடுத்தோம். இப்போது அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் பெட்டிகளுக்கு 2022 அக்டோபரிலிருந்து அதை மூடத் தொடங்கியது. இன்று நடப்பது, ‘இந்தத் தளம் என் பெட்டியைப் படிக்கலாம்’ என்று நீங்கள் கூகுளிடமோ மைக்ரோசாஃப்டிடமோ சொல்வது. பாஸ்வேர்டு தளத்தின் கைக்குப் போவதில்லை. வேண்டாம் என்றால் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்துக்குப் போய் அனுமதியை ரத்து செய்துவிடலாம்.

சாவி கிடைத்ததும் தளம் செய்யும் வேலை எளிது. புதிதாக ஒரு மெயில் வந்தால் அதை அனுப்பியவர் முகவரி, பெறுபவர் முகவரி, சி.சி.யில் இருப்பவர்களின் முகவரி ஆகியவற்றைப் பார்க்கும். உங்கள் தொடர்புப் பட்டியலில் அந்த முகவரி இருக்கிறதா என்று தேடும். இருந்தால், மெயிலின் நகல் ஒன்றை எடுத்து அந்தத் தொடர்பின் பக்கத்தில் தேதி வாரியாக ஒட்டிவிடும். பதில் எந்தக் கடிதத்துக்கு வந்தது என்பதையும் தலைப்பு வரியை மட்டும் வைத்து ஊகிப்பதில்லை. ஒவ்வொரு மெயிலுக்கும் கண்ணுக்குத் தெரியாத ‘மெசேஜ் ஐ.டி.’ ஒன்று உண்டு; பதில் மெயில் தன் தலைப்பகுதியில் அந்த எண்ணைச் சுமந்துகொண்டு வரும். மைக்ரோசாஃப்ட் டைனமிக்ஸில் இது போதாது என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு வசதி இருக்கிறது: தலைப்பு வரியின் கடைசியில் ‘சி.ஆர்.எம்:’ என்று தொடங்கும் ஓர் எண்ணைச் சேர்த்துக்கொள்ளலாம். வெளிநாட்டு பையருக்கு அது கொஞ்சம் விகாரமாகத் தெரியும். நான் அணைத்தே வைப்பேன்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் வெளிப்படை. ஒன்று, பொருத்தம் பார்ப்பது முகவரியை வைத்து. ஆகவே வடிகட்டியும் முகவரியை வைத்துத்தான் நன்றாக வேலை செய்யும். ‘சம்பளம் என்ற சொல் இருந்தால் உள்ளே விடாதே என்று போட முடியுமா’ என்று எல்லா ஊரிலும் ஒருவர் கேட்கிறார். பல தளங்களில் முடியாது. முடிந்தாலும் நம்பாதீர்கள். ஒருவர் சேலரி என்று எழுதுவார், ஒருவர் சி.டி.சி. என்பார், இன்னொருவர் ‘போன வாரம் பேசின விஷயம்’ என்று மட்டும் எழுதுவார்.

இரண்டாவது, உள்ளே போவது நகல். உங்கள் இன்பாக்ஸில் அந்த மெயிலை அழித்தாலும் சி.ஆர்.எம்.மில் ஒட்டிய நகல் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். வடிகட்டியைப் பிறகு இறுக்கினாலும், முன்பே போனது வெளியே வராது. உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும். அதனால்தான் இந்த வேலையை இணைப்பதற்கு முன்னால் செய்யச் சொல்கிறேன்.

முதலில் ஒரு காகிதம்

கணினியை விட்டுவிடுங்கள். கடைசியாக வந்த நூறு மெயில்களின் பட்டியலைத் திரையில் வைத்துக்கொண்டு, ஒரு தாளில் அனுப்பியவர் பெயர்களை எழுதிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே கேள்வி: நாளைக்கு நான் லீவு போட்டால், என் நாற்காலியில் உட்காருபவருக்கு இந்தக் கடிதம் வேண்டுமா?

வேண்டும் என்றால் உள்ளே. வேண்டாம் என்றால் வெளியே. ‘ஒருவேளை வேண்டியிருக்கலாம்’ என்பதும் வெளியேதான். சி.ஆர்.எம். என்பது மெயில் கிடங்கு இல்லை. வாடிக்கையாளர் போன் செய்யும்போது எடுப்பவர் திருதிருவென்று விழிக்காமல் இருக்க வேண்டும், அதற்குத்தான் அது.

திருப்பூர் அலுவலகத்தில் அந்தத் தாள் இப்படி வந்தது. பையர் அனுப்பிய லேப் டிப் (சாய நிற மாதிரி) ஒப்புதல்: உள்ளே. சைஸ் செட் சாம்பிள் மீது பையிங் ஹவுஸ் எழுதிய கருத்துகள்: உள்ளே. ஷிப்பிங் ஏஜென்ட் அனுப்பிய பி.எல். (பில் ஆஃப் லேடிங்) வரைவு: இதில் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. மெர்ச்சன்டைசர்கள் உள்ளே என்றார்கள், கணக்காளர் தன்னிடம் இருந்தால் போதும் என்றார். சரக்கு எங்கே இருக்கிறது என்று பையர் கேட்பது மெர்ச்சன்டைசரைத்தான் என்பதால் உள்ளே என்று முடிவானது. சாயப்பட்டறையோடு நடக்கும் தாமதப் பஞ்சாயத்து: வெளியே. பையர் பக்கத்தில் அது தெரிய வேண்டிய அவசியமில்லை. வங்கி, ஆடிட்டர், ஓ.டி.பி., வேலை தேடும் தளங்கள், பத்திரிகைகளின் காலைச் செய்திமடல், பிள்ளையின் பள்ளிக் கட்டண நினைவூட்டல்: எல்லாம் வெளியே.

தாள் நிறைந்தபோது முதலாளிக்கே ஆச்சரியம். வாடிக்கையாளர் மெயில் சிறுபான்மை. இதைச் செய்யாமல் அலவ் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

யாருடைய மெயில்?

இப்போது செட்டிங்ஸ். எந்தத் தளமாக இருந்தாலும் முதல் வாசல் இதுதான்: யாரிடமிருந்து வருவதை எடுத்துக்கொள்வது. டைனமிக்ஸ் 365 இதை வெளிப்படையாகப் பிரித்துக் காட்டுவதால் அதை வைத்தே விளக்குகிறேன். ஒவ்வொருவருடைய தனிப்பட்ட விருப்பங்களிலும் மெயில் என்ற தாவல் இருக்கும். அதில் எல்லா மெயிலும், சி.ஆர்.எம்.மிலிருந்து அனுப்பியவற்றுக்கு வந்த பதில்கள் மட்டும், பட்டியலில் உள்ள லீடுகள், தொடர்புகள், நிறுவனங்களிடமிருந்து வருபவை மட்டும், மெயில் முகவரி வைத்துக்கொள்ளக்கூடிய எந்தப் பதிவிலிருந்தும் வருபவை, எதுவும் வேண்டாம் என்று தேர்வுகள் உண்டு.

பதில்கள் மட்டும் என்பது மிகப் பாதுகாப்பானது. ஆனால் ஏற்றுமதித் தொழிலில் பேச்சை முதலில் தொடங்குவது பெரும்பாலும் பையர். அவர் எழுதும் முதல் கடிதமே வெளியே நின்றுவிட்டால் பயன் என்ன? திருப்பூரில் மூன்றாவதைத்தான் வைத்தேன்: தெரிந்தவர்களிடமிருந்து மட்டும். சில்லறை விற்பனை, சர்வீஸ் சென்டர் போன்றவற்றில், நாம் எழுதி அவர்கள் பதில் சொல்வதே வழக்கம் என்றால், இரண்டாவதே போதும்.

எல்லா மெயிலும் என்பதற்கு ஒரே ஓர் இடம் உண்டு: சேல்ஸ், இன்ஃபோ, என்கொயரி என்று தொடங்கும் பொது முகவரிகள். அங்கே எழுதுபவர் தன் கடிதத்தைப் பலர் படிப்பார்கள் என்று எதிர்பார்த்தே எழுதுகிறார். தனிமனிதர் பெயரில் உள்ள பெட்டிக்கு அதை வைக்கவே வேண்டாம்.

இதோடு ஒட்டியே இன்னொரு சின்ன டிக் இருக்கும்: தெரியாத முகவரியிலிருந்து மெயில் வந்தால் தானாகவே புதிய தொடர்பு உருவாக்கு என்று. எல்லா மெயிலும் என்பதோடு இது சேர்ந்தால் வேடிக்கைதான். வங்கியின் நோ-ரிப்ளை முகவரி ஒரு வாடிக்கையாளராகப் பிறந்து, அவருக்கு உங்கள் தீபாவளி வாழ்த்தும் போய், அது திரும்பியும் வரும். டிக்கை எடுத்துவிடுங்கள்.

சோஹோ சி.ஆர்.எம். 2005இல் சென்னையிலிருந்து வெளிவந்தது. நம் ஊர்ச் சிறு நிறுவனங்களில் நான் அதிகம் பார்ப்பதும் அதைத்தான். அதில் மெயில் லீடு அல்லது தொடர்பு ஒன்றின் முகவரியோடு பொருந்தினால்தான் அந்தப் பக்கத்தில் தெரியும். ஆகவே அங்கே வடிகட்டும் வேலையில் பாதி, தொடர்புப் பட்டியலைச் சுத்தமாக வைத்திருப்பதுதான். யாரைப் பட்டியலில் சேர்த்தீர்களோ அவருடைய மெயில் வரும். மனைவியை ‘சோதனைக்காக’ ஒரு லீடாகப் போட்டு வைத்து மறந்துவிட்ட நண்பர் ஒருவர் இருக்கிறார். மேற்கொண்டு சொல்ல வேண்டாம்.

ஹப்ஸ்பாட் பயன்படுத்துபவர்கள் மெயில் எழுதும் இடத்தில் ‘லாக்’, ‘டிராக்’ என்ற இரண்டு டிக்குகளைப் பார்த்திருப்பீர்கள். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். லாக் என்றால் நகலை எடுத்து வை. டிராக் என்றால் அவர் திறந்து பார்த்தாரா என்று சொல். டிராக்கை எடுத்துவிட்டு, நகல் போகாது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

ஒரு வாடிக்கையாளருக்கு இரண்டு முகவரி இருந்தால் இரண்டையும் அவர் பக்கத்தில் பதிவு செய்யுங்கள். பகலில் கம்பெனி முகவரியிலிருந்தும் ராத்திரி சொந்த ஜிமெயிலிலிருந்தும் எழுதுகிற பையர்கள் உண்டு. ஒன்று மட்டும் பதிவில் இருந்தால் பாதிப் பேச்சுதான் தெரியும்.

விலக்குப் பட்டியல்

முதல் வாசலைத் தாண்டியும் வரக்கூடாதவர்கள் சிலர் வருவார்கள். அவர்களை நிறுத்துவது விலக்குப் பட்டியல். ஹப்ஸ்பாட்டில் இதன் பெயர் ‘நெவர் லாக்’. வேறு தளங்களில் எக்ஸ்க்ளூட், பிளாக் என்று பெயர் மாறும், வேலை ஒன்றுதான். முழு முகவரியையும் போடலாம், @ குறிக்குப் பின்னால் வரும் டொமைனை மட்டும் போட்டு அந்த நிறுவனத்தையே மொத்தமாக நிறுத்தவும் செய்யலாம்.

முதலில் போட வேண்டியது உங்கள் சொந்த டொமைன். சக ஊழியர்கள் ஒருவருக்கொருவர் எழுதுவது சி.ஆர்.எம்.மில் எதற்கு? ஆனால் இங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது. நீங்கள் பையருக்கு எழுதும் கடிதத்தில் சக ஊழியரை சி.சி.யில் வைக்கிறீர்கள். சில தளங்கள் விலக்கப்பட்ட முகவரியை மட்டும் விட்டுவிட்டு, பையர் பக்கத்தில் கடிதத்தை ஒட்டும். விலக்கப்பட்டவர் ஒருவர் இருந்தாலே முழுக் கடிதத்தையும் தள்ளிவிடும் தளங்களும் உண்டு. உங்கள் தளம் எந்த வகை என்று கையேட்டில் தேடுவதைவிட, ஒரு மெயில் அனுப்பிப் பார்ப்பது சீக்கிரம் முடியும்.

அடுத்து வங்கி, ஆடிட்டர், வக்கீல், மருத்துவமனை, பள்ளி, காப்பீடு. இவற்றில் வங்கியின் டொமைனைப் போடும்போது கவனம். அறிக்கை ஒரு துணை டொமைனிலிருந்தும், ஓ.டி.பி. வேறொன்றிலிருந்தும் வரும். மூல டொமைனைப் போட்டால் அதன் கிளைகளும் சேர்ந்து நிற்குமா என்பது தளத்துக்குத் தளம் மாறும். வந்த மெயிலைத் திறந்து, அனுப்பியவர் முகவரியை அப்படியே நகலெடுத்துப் போடுங்கள். கையால் தட்டச்சு செய்தால் ஓர் எழுத்து விட்டுப்போகும். விட்டுப்போனதை எந்தத் தளமும் சொல்லாது.

இதில் நானே ஒருமுறை பட்டிருக்கிறேன். கோவையில் பம்ப்செட் மொத்த விற்பனை செய்யும் ஓரிடம். ஊழியர்களின் சொந்த மெயில்கள் உள்ளே வந்துகொண்டிருந்தன. எல்லாமே ஜிமெயில். கெட்டிக்காரத்தனமாக ஜிமெயில்.காம் என்ற டொமைனையே விலக்குப் பட்டியலில் போட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன். தாராபுரம், உடுமலை, பொள்ளாச்சி என்று அவர்களுடைய டீலர்கள் பரவிக் கிடக்கிறார்கள். கம்பெனி பெயரில் டொமைன் வாங்கிய டீலர் யார்? அத்தனை பேரும் ஜிமெயில்தான். பத்து நாள் ஒரு டீலர் கடிதம்கூட சி.ஆர்.எம்.மில் ஏறவில்லை. இன்பாக்ஸில் வழக்கம்போல வந்துகொண்டிருந்ததால் யாருக்கும் சந்தேகமும் வரவில்லை. இன்பாக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்த விற்பனையாளர் லீவில் போக, அவர் இடத்தில் உட்கார்ந்தவர் சி.ஆர்.எம்.மை மட்டும் பார்க்க, ஒரு டீலர் போனில் கூப்பிட்டு, "எழுதி ஒரு வாரமாச்சுங்களே, ஒரு பதிலும் காணோமே" என்று கேட்டபோதுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து ஜிமெயில், யாஹூ, ஹாட்மெயில், அவுட்லுக், ரெடிஃப்மெயில் போன்ற பொது டொமைன்களை நான் விலக்குப் பட்டியலில் போடுவதில்லை. அவற்றிலிருந்து முழு முகவரிகளை மட்டும் ஒவ்வொன்றாகப் போடுகிறேன். தவறான மெயில் உள்ளே வந்தால் யாராவது கத்துவார்கள். சரியான மெயில் வராமல் போனால் சத்தமே இருக்காது. இரண்டாவதுதான் தொழிலைக் கெடுக்கும்.

பல தளங்களில் விலக்குப் பட்டியல் இரண்டு அடுக்காக இருக்கும். அட்மின் போடுவது எல்லாருக்கும் பொருந்தும். அவரவர் போட்டுக்கொள்வது அவரவர் பெட்டிக்கு மட்டும். வங்கி, ஆடிட்டர், சொந்த டொமைன் ஆகியவை அட்மின் பட்டியலில் இருக்கட்டும். குடும்பத்தார் முகவரிகளை அட்மினிடம் கொடுக்கச் சொல்லாதீர்கள். யார் யாருக்கு எழுதுகிறார்கள் என்பதே ஒரு தகவல்தான். அவரவர் போட்டுக்கொள்ளட்டும்.

கொங்கு நாட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. மச்சான்தான் நூல் மில்காரர். கல்யாணப் பத்திரிகையும் நூல் விலையும் ஒரே முகவரியிலிருந்து வரும். இதை முகவரி வடிகட்டியால் தீர்க்க முடியாது. மச்சானை மில் பெயரில் இன்னொரு முகவரி வைத்துக்கொள்ளச் சொல்லலாம். சொன்னால் கேட்பாரா என்பது உங்கள் உறவைப் பொறுத்தது. கேட்க மாட்டார் என்றால் அடுத்த பகுதியில் வரும் லேபிள் வழி இருக்கிறது.

ஃபோல்டரும் லேபிளும்

சில தளங்கள், பைப்டிரைவ் போன்றவை, எந்த ஃபோல்டர் அல்லது லேபிளில் இருப்பதை ஒத்திசைப்பது என்று கேட்கும். இது நல்ல வசதி. ஜிமெயிலில் ‘ஆர்டர்’ என்று ஒரு லேபிள் உண்டாக்கி, அதில் நீங்கள் போடுவது மட்டும் உள்ளே போகுமாறு வைக்கலாம். மச்சானின் நூல் விலைக் கடிதத்துக்கு லேபிள் ஒட்டுங்கள், பத்திரிகைக்கு ஒட்டாதீர்கள். ஒவ்வொரு கடிதத்துக்கும் கை வேலை என்பது இதன் குறை. ஒரு நாளைக்கு முப்பது மெயில் வரை தாங்கும். அதற்கு மேல் மறந்துபோகும்.

அவுட்லுக் பயன்படுத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. டைனமிக்ஸின் சர்வர் ஒத்திசைவு வழக்கமாகப் பார்ப்பது இன்பாக்ஸை. ஒழுங்குப் பிரியர்கள் சிலர் ‘இந்த பையரிடமிருந்து வந்தால் இந்த ஃபோல்டருக்கு நகர்த்து’ என்று அவுட்லுக்கில் விதி போட்டு வைத்திருப்பார்கள். மெயில் இன்பாக்ஸில் தங்காமலே நகர்ந்துவிடுவதால் ஒத்திசைவுக்கு அது கண்ணில் படாது. அந்த ஃபோல்டரையும் பின்தொடரும்படி தனியாகச் சொல்ல வேண்டும். ஒருவருக்கு 25 ஃபோல்டர் வரை அப்படிச் சேர்க்கலாம். இல்லையென்றால் விதியைக் கைவிட வேண்டும்.

அனுப்பிய மெயில்கள் இருக்கும் ‘சென்ட்’ ஃபோல்டர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அதை விட்டுவிட்டால் பையர் பேசியது மட்டும் தெரியும், நாம் சொன்னது தெரியாது.

இயந்திரம் எழுதும் மெயில்

செய்திமடல்களையும் விளம்பரங்களையும் முகவரி வாரியாக விலக்கப் போனால் விடிந்துவிடும். அவற்றுக்கு ஓர் அடையாளம் உண்டு. ‘லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்’ என்று ஒரு வரி மெயிலின் தலைப்பகுதியில் மறைந்திருக்கும். 1998இலேயே வகுத்த வழக்கம்தான். ஆனால் 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் பெட்டிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புபவர்களின் விளம்பர மெயில்களில், ஒரே சொடுக்கில் விலகிக்கொள்ளும் வசதி இருந்தே ஆக வேண்டும் என்று கூகுள் கண்டிப்புக் காட்டியது. யாஹூவும் கூடச் சேர்ந்துகொண்டது. அதனால் பெரிய நிறுவனங்களின் செய்திமடல்களில் இந்த வரி இப்போது அநேகமாக இருக்கிறது. உங்கள் தளத்தில் மொத்த மெயில்களைத் தவிர்க்க ஒரு டிக் இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லையென்றால், ஜிமெயிலிலேயே ‘அன்சப்ஸ்கிரைப்’ என்ற ஆங்கிலச் சொல் இருக்கும் மெயில்களை ஒரு தனி லேபிளுக்கு அனுப்பி, அந்த லேபிளை ஒத்திசைவிலிருந்து எடுத்துவிடலாம். ஒரு வாரம் அந்த லேபிளைத் திறந்து பார்த்துக்கொண்டிருங்கள். சில பையிங் ஹவுஸ்களின் கையெழுத்துப் பகுதியிலும் அந்தச் சொல் ஒளிந்திருக்கும்.

‘நான் விடுமுறையில் இருக்கிறேன்’ என்று தானாக வரும் பதில்களை என்ன செய்வது? பலர் தடுத்துவிடச் சொல்வார்கள். நான் உள்ளே விடுவேன். ஐரோப்பிய பையர் ஆகஸ்டில் மூன்று வாரம் இல்லை என்பது மெர்ச்சன்டைசருக்குத் தெரிய வேண்டிய செய்திதான்.

இணைப்புகளும் சட்டமும்

மெயில் உள்ளே போனால் அதன் இணைப்பும் (அட்டாச்மென்ட்) போகும். விசா அழைப்புக் கடிதத்துக்காகப் பாஸ்போர்ட் நகல், தொழிற்சாலைத் தணிக்கைக்காக ஊழியர்களின் ஆதார் நகல் என்று பலவும் மெயிலில் புழங்கும் தொழில் இது. இணைப்புகளைத் தவிர்க்கும் வசதி உங்கள் தளத்தில் இருந்தால் யோசித்து முடிவெடுங்கள். இல்லையென்றால், அப்படிப்பட்ட ஆவணங்களுக்கென்று ஒரு தனி முகவரி வைத்து, அதை இணைக்காமல் விட்டுவிடுவது நல்லது.

தேவைக்கு மேல் தனிநபர் தகவலைச் சேர்க்காதே என்பது இப்போது நாகரிகம் மட்டுமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.டி.பி.ஆர். 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது; இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. எந்த வேலைக்கு என்று சொல்லி வாங்குகிறீர்களோ அந்த வேலைக்கு வேண்டிய அளவுக்குள் நில்லுங்கள் என்பதை இரண்டும் வலியுறுத்துகின்றன.

வடிகட்டுவது வேறு, மறைப்பது வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சோஹோவில் மெயிலை நான் மட்டும் பார்க்கலாம், எல்லாரும் பார்க்கலாம், குறிப்பிட்டவர்கள் பார்க்கலாம் என்று வைக்கலாம். பைப்டிரைவிலும் தனிப்பட்டது, பகிர்ந்தது என்று உண்டு. மறைத்து வைத்த மெயிலும் உள்ளே வந்த மெயில்தான். யார் பார்க்கலாம் என்ற அமைப்பை ஒருவர் பின்னால் மாற்றிவிட்டால் மறைப்பு போய்விடும். வரவே கூடாததை வடிகட்டுங்கள். வரலாம், ஆனால் சிலருக்கு மட்டும் என்பதற்கு மறைப்பைப் பயன்படுத்துங்கள்.

பழைய மெயில்

இணைக்கும்போது ‘பழைய மெயில்களையும் எடுக்கட்டுமா’ என்று தளம் கேட்கும். ஆசையாகத்தான் இருக்கும். முதல் நாளில் வேண்டாம் என்று சொல்லுங்கள். வடிகட்டிகளைப் போட்டு, இரண்டு வாரம் புதிய மெயில் மட்டும் ஓடவிட்டு, விலக்குப் பட்டியல் நிலைத்த பிறகு பழையதை எடுங்கள். எவ்வளவு பழையது? ஆடை ஏற்றுமதிக்கு ஒரு சீசன் போதும். மூன்று வருட மெயிலை ஏற்றியவர்கள் அதைத் திறந்து படித்து நான் பார்த்ததில்லை.

சோதித்துப் பார்ப்பது

எல்லாம் போட்ட பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வெளியிலிருந்து எழுத ஒரு முகவரி வேண்டும். உங்கள் சொந்த ஜிமெயில் போதும். அதைத் தொடர்புப் பட்டியலில் ஒரு போலி வாடிக்கையாளராகச் சேர்த்து, அங்கிருந்து ஒரு மெயில் அனுப்புங்கள். உள்ளே வர வேண்டும். அதற்குப் பதில் எழுதுங்கள். பதிலும் அதே பக்கத்தில், அதே தொடரில் தெரிய வேண்டும். இப்போது சக ஊழியரை சி.சி.யில் வைத்து மறுபடி எழுதுங்கள். முன்னே சொன்ன கண்ணி இருக்கிறதா என்பது இங்கே தெரிந்துவிடும். போனிலிருந்து ஒன்று அனுப்புங்கள், அதுவும் வருகிறதா பாருங்கள். பட்டியலில் இல்லாத வேறொரு முகவரியிலிருந்து ஒன்று. அது வரக்கூடாது, புதிய தொடர்பும் பிறக்கக்கூடாது. பிறகு ஆடிட்டரிடம் சொல்லிவைத்து அவரை ஒன்று அனுப்பச் சொல்லுங்கள், அதுவும் வரக்கூடாது. தளங்கள் உடனே எடுப்பதில்லை, சில நிமிடம் பிடிக்கும். ‘வரவில்லை’ என்று முடிவு கட்டும் முன் கால் மணி நேரம் பொறுங்கள். எல்லாம் முடிந்ததும் போலி வாடிக்கையாளரை அழிக்க மறக்காதீர்கள். மேலே சொன்ன நண்பரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனையை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது திரும்பச் செய்யுங்கள். புதிய வங்கிக் கணக்கு திறந்திருப்பீர்கள், ஆடிட்டர் மாறியிருப்பார், டீலர் ஒருவர் புது முகவரிக்குப் போயிருப்பார். யாராவது வேலையை விட்டுப் போகும்போது, கடைசி நாளுக்கு முன்பே அவருடைய பெட்டியின் இணைப்பைத் துண்டியுங்கள். அவர் வாடிக்கையாளர்களோடு பேசியது உள்ளே இருக்கட்டும். கணக்கை ஒப்படைக்கும் வாரத்தில் அவர் எழுதும் சொந்த விஷயங்கள் உங்களுக்கு எதற்கு?

திருப்பூரில் கடைசியில் செய்தது இது. சேல்ஸ் என்று தொடங்கும் பொது முகவரிக்கு எல்லா மெயிலும். ஆறு மெர்ச்சன்டைசர்களுக்குத் தெரிந்தவர்களிடமிருந்து மட்டும். கணக்காளர் பெட்டி இணைக்கப்படவில்லை. முதலாளியின் பெட்டியும் இணைக்கப்படவில்லை. பையருக்குத் தானே எழுத நேரும்போது, சி.ஆர்.எம். கொடுத்த தனி முகவரியை பி.சி.சி. கட்டத்தில் போட்டுவிடுகிறார். அந்த ஒரு கடிதம் மட்டும் உள்ளே போகிறது.